ஏழு போகம்

மாசி வெயில். தாளடி நெல் அறுப்பு. அறுவடை மெஷின் எங்கள் வயலுக்குள் இறங்கிக் கதிரை வாயில் வாங்கி, நெல்லைப் பிடுங்கிக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் துப்பிக்கொண்டு வந்தது. வரப்பில் நின்றிருந்த என் வயிற்றுக்குள் ஏதோ பட்டென்று கிழிந்தது. வலி என்று அதைச் சொன்னால் வலிக்குக் கோபம் வரும். யாரோ உள்ளே இறங்கி, சாணை பிடித்த அரிவாளால், அவசரமே இல்லாமல், அடிவரைக்கும் அறுத்தார்கள். நான் மடங்கி விழுந்தபோது மெஷின் என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அண்ணன் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றது நினைவிருக்கிறது. மெஷினை நிறுத்திய அந்த மனிதரைத்தான் நாலு மாதம் கழித்து அதே வயலின் சேற்றில் தள்ளி வாயை உடைத்தேன்.

என் குடலைத் தின்பது நான்தான். வெளியிலிருந்து வந்த புழுவோ கிருமியோ அல்ல. காவலுக்கு நிற்க வேண்டிய என் ரத்தமே திரும்பி நின்று, சிறுகுடலின் கடைசி முழத்தைக் கடிக்கிறது. கடித்துப் புண்ணாக்குகிறது, ஆறவிடுகிறது, ஆறிய தழும்பையே மறுபடி கடிக்கிறது. சாகும்வரை தீராது. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். முதல் ரத்தம் வந்தது ஒரு ஐப்பசியில். தாளடி நடவுக்கு ஆள் கிடைக்காமல் அண்ணன் அலைந்துகொண்டிருந்த வாரம். கும்பகோணத்தில் நான் தமிழ் வாத்தியாராக இருக்கும் தனியார் பள்ளிக்கூடத்தின் கழிவறையில், வெள்ளைப் பீங்கானில், செம்பருத்தியைக் கசக்கி எறிந்ததுபோல் கிடந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான், சித்திரையில், எனக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு போட்டிருந்தேன். இந்த இரண்டு மாதங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சித்திரை, அப்புறம் ஐப்பசி. என் உயிர் இந்த வரிசையில்தான் தொங்கியது.

திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கிருந்து தஞ்சாவூர்த் தனியார் ஆஸ்பத்திரிவரை காரின் பின்சீட்டில் அண்ணன் மடியில் கிடந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கத்தினேன். தாராசுரம் தாண்டும்வரை கத்தியதாகவும், அப்புறம் கத்தாதது கத்தியதைவிடப் பயமாக இருந்ததாகவும் அண்ணன் பிறகு சொன்னார். குடல் ஓட்டையாகி, உள்ளிருந்ததெல்லாம் வயிறு முழுக்கக் கொட்டிவிட்டிருந்தது. என்னைக் கிழித்தார்கள். கழுவினார்கள். அழுகிய முழத்தை வெட்டி எறிந்தார்கள். மிச்சக் குடலின் முனையைத் தொப்புளுக்கு வலது பக்கம் தோலில் ஒரு துளை போட்டு வெளியே இழுத்துத் தைத்தார்கள்.

கண் விழித்துப் பார்த்தபோது அது சிவப்பாக, ஈரமாக, தன் இஷ்டத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. உடம்புக்குள் இருக்க வேண்டிய ஒன்று வெளியே வந்து உலகத்தைப் பார்க்கிறது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. தின்றதெல்லாம் பத்து விரற்கடை தள்ளி அந்தப் பையில் வந்து விழும். எப்போது விழும் என்பது அதற்குத்தான் தெரியும். வகுப்பில் செய்யுள் நடத்தும்போது விழும். மனைவி நெற்றியில் விபூதி வைக்கும்போது விழும்.

அறுவை மருத்துவர் பெரியவர், சுருக்கமாகப் பேசுகிறவர். "இது நிரந்தரம் இல்ல. திரும்ப உள்ள வச்சு இணைச்சிடலாம்" என்றார். "ஆனா உள்ள எரியற நெருப்பு அடங்கணும். எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அது போட்டு அடங்கினாதான் கத்திய எடுப்பேன். அடங்காம தையல் போட்டா தையலையும் தின்னுடும்."

அந்த ஊசியின் விலையைக் கேட்ட அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?" என்றார் மருத்துவர். இருந்தது.

வைகாசிக் கடைசியில் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. போகட்டும் என்று அடுத்த பத்தியைப் படித்தேன். நோயாளிக்கு ஏழு வருடங்களாக இந்த நோய் இருந்திருப்பதாக அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியே சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது அதை மறைத்திருக்கிறார். ஆகவே பாலிசியே ரத்து.

ஊசி இல்லை. இணைப்பு இல்லை. பை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். வீணை. அந்த வீணையின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு ஒரு பெண் வந்தார்.

"சார், நாங்க சொல்லலைங்க சார். உங்க சம்மரியிலதான் சார் இருக்கு."

"தப்பா எழுதியிருக்காங்கம்மா. ஏழு வருஷம் இல்ல. நாலுகூட ஆகல."

"சம்மரில நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே சார்."

பண்ணியிருந்தேன். ஒற்று மிகுந்தால் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் குத்துகிறவன், என் வயிற்றைப் பற்றி எழுதிய மூன்று பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில், முதல் பக்கம், நாலாவது வரி. ஏழு வருடங்களாக. அதன் கீழே இன்னொரு வரி: விவரம் கூறியவர், நோயாளியின் சகோதரர்.

ஊசிக்குப் பதிலாக ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அது முகத்தை ஊதவைக்கும். கூடவே கோபத்தையும் ஊதவைக்கும் என்று மருந்துச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. மாத்திரைமேல் பழி போட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை. கோபம் என்னுடையதுதான். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் கண்டுகொள்ள வேண்டுமென்று எதையும் கூட்டிச் சொல்வார்கள். ஒரு நாள் காய்ச்சலை மூன்று நாள் என்பார்கள். இருமலை ரத்தம் கலந்தது என்பார்கள். அண்ணனும் அப்படித்தான் மூன்றை ஏழாக்கிவிட்டார், தன் வாயால் என் குடலை வெளியே தொங்கப்போட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை வயலுக்குப் போனேன். குறுவைக்கு உழுது, தண்ணீர் கட்டி, சேறு அடித்துப் போட்டிருந்தது. அண்ணன் அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கி, அந்தச் சேற்றையே அள்ளி வரப்பில் பூசுவது. வெட்டு, அள்ளு, பூசு. முதுகு வியர்வையில் மின்னியது.

"ஏழு வருஷம்னு சொன்னியா?" என்றேன். ஐம்பது வயதுவரை அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவன்.

அவர் நிமிர்ந்தார். அந்த 'நீ'தான் முதல் அடி. அது அவர் முகத்தில் விழுந்ததைப் பார்த்தேன்.

"என்னடா பேச்சு இது?"

"ஆஸ்பத்திரில. என் வயித்தப் பத்தி. ஏழு வருஷம்னு சொன்னியா இல்லியா?"

"ஏழுன்னு சொன்னேன். அதுக்கு..."

மிச்சத்தைச் சொல்ல நான் விடவில்லை. பாய்ந்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். எனக்குக் கை ஓங்கத் தெரியாது. தெரியாதவன் அடிதான் மோசமாக விழும். என் விரல் முட்டியில் அவர் பல் இடித்தது. உதடு பிளந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி. சேறும் ரத்தமும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் அடிக்கவில்லை. இரண்டு கையாலும் என் வயிற்றுக்கு முன்னால் அணை கட்டினாற்போல் வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். அப்படியும் பை பிய்ந்தது. என்னிலிருந்து என் காலைச் சாப்பாடு இரண்டு பேர் மேலும் கொட்டியது. அந்த நாற்றத்தில்தான் என் கை நின்றது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார்.

"பை மட்டும் இல்லன்னா உன்னப் பொளந்திருப்பேன்டா, நாயே" என்றார். மூச்சு வாங்கியது. "வருஷம்னு எவன்டா சொன்னான்? ஏழு போகம்னு சொன்னேன்."

"என்ன?"

"ஏழு போகமா ரத்தமாப் போகுதும்மான்னு அந்த டாக்டர் புள்ளகிட்டச் சொன்னேன். கணக்குப் பாரு." சேற்றுக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இப்ப அறுத்தமே, அந்தத் தாளடி ஒண்ணு. அதுக்கு முன்ன குறுவை. அதுக்கு முன்ன தாளடி, குறுவை. தாளடி, குறுவை. உனக்கு மொத மொத வந்துச்சே, அந்தத் தாளடி. ஏழு. நான் எதக் கூட்டிச் சொன்னேன்? சொல்லுடா."

நானும் எண்ணினேன். ஏழு. எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு போகம், முதலில் குறுவை, அப்புறம் தாளடி. மூன்று வருடமும் நாலு மாதமும். ஐப்பசியிலிருந்து மாசி. ஒரு போகம்கூடப் பிசகவில்லை. என் அண்ணனுக்குக் காலம் அப்படித்தான் ஓடும். எனக்குக் கல்யாணமானது எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சம்பா வெள்ளத்தில் போனதற்கு அடுத்த குறுவை என்பார்.

விவரம் தெரிந்து கரைக்கு ஓடி வந்த என் மனைவி எங்கள் கோலத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாவுங்க. ஆனா பைய யாரு மாத்துறது? அத முடிவு பண்ணிட்டுச் சாவுங்க" என்றாள். அண்ணன் உதட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் பிளவு இன்னும் பிளந்தது. அதற்கு மூன்று தையல்.

மன்னிப்பு என்று நான் எதையும் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்தச் சொல்லுக்குப் புழக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து வாசலில் நின்றார். "வாடா. வி.ஏ.ஓ. ஆபீசு வரைக்கும் போவோம்."

"எதுக்கு?"

"ரெண்டு போகம்னு நான் சொன்னா எவன் நம்புவான்? சர்க்கார் சொல்லட்டும்."

எந்த வயலில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்யும் ஏட்டுக்கு அடங்கல் என்று பெயர். வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஆடியை ஒட்டிப் பசலி மாறும். அலுவலர் கணினியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"பயிர்க் கடனுக்கா?"

"இல்லீங்க, குடலுக்கு" என்றார் அண்ணன்.

அவர் என் அண்ணனின் தையல் போட்ட உதட்டைப் பார்த்தார், என் ஊதிய முகத்தைப் பார்த்தார், சட்டைக்குள் புடைத்திருந்ததைப் பார்த்தார். நாலு பசலிக்கு எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். "பயிருக்குக் கேப்பாங்க, வெள்ள நிவாரணத்துக்குக் கேப்பாங்க. குடலுக்கு அடங்கல் கேட்டது நீங்கதான்யா." முதல் பசலியில் கணக்குக்கு அந்தத் தாளடி மட்டும். அடுத்த மூன்று பசலிக்கும் குறுவை ஒன்று, தாளடி ஒன்று. ஒன்றும் ஆறும் ஏழு.

அடுத்தது சம்மரியை எழுதிய அந்த டாக்டர் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வார்டு வராந்தாவில் நின்றபடியே சம்மரியையும் அடங்கலையும் வாங்கிப் பார்த்தார். ஏழு வருடம் என்பது தப்பு, திருத்தித் தாருங்கள் என்றேன்.

"டிஸ்சார்ஜ் ஆனப்புறம் மாத்த முடியாது சார். ரெக்கார்ட்ஸ்ல லாக் ஆயிடும்."

"அப்ப தனியா ஒரு லெட்டர் குடுங்க."

"தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுத்தா என் மேல வரும் சார். நான் இங்க சேந்து ஒரு வருஷம்கூட ஆகல."

எனக்குள் மறுபடி அது எழுந்தது. சுவரில் தொங்கிய தீயணைக்கும் சிவப்பு உருளையை ஒரு கணம் பார்த்தேன். அதைப் பிடுங்கி அந்தக் கண்ணாடிக் கதவை நொறுக்கினால் வரும் சத்தம் காதில் முன்கூட்டியே கேட்டது. என் உடம்பைப் பற்றி ஒரு வரி, அதை எழுதியவருக்கு அழிக்கத் தைரியமில்லை, நான் அதைச் சுமந்துகொண்டு கழுவிக்கொண்டு சாக வேண்டும். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். பிடித்தபடியே அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"முதுகுளத்தூர் பக்கம்."

"அங்க என்ன வெள்ளாம?"

"நெல்லுதாங்க. கொஞ்சம் மிளகா. எங்கப்பாவும் விவசாயம்தான்."

"தண்ணி?"

"தண்ணி ஏதுங்க, மானாவாரி. மழைய நம்பி வருஷத்துக்கு ஒரு தடவ..."

அடங்கலை மறுபடி பார்த்தார். குறுவை, தாளடி. குறுவை, தாளடி. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எங்கள் அண்ணன் எண்ணியது போலவே மற்றக் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி.

"நான் வருஷத்துக்கு ஒண்ணுன்னு..." என்றார்.

அடங்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார்: "அன்னிக்கு நான் இவர்கிட்டக் கேட்டுட்டு இருக்கறப்ப உங்க பிரஷர் இறங்கிட்டே இருந்துச்சு சார். ஒரு கையால சலைனைப் பிடிச்சுக்கிட்டு எழுதினேன். போகம்னா என்னன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரியாதவங்களா இருந்தா கேட்டிருப்பாங்க."

அவர் அறைக்குள் போய் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். சகோதரர் ஏழு போகம் என்றார். என் சொந்த ஊரில் வருடத்துக்கு ஒரே போகம் என்பதால் ஏழு வருடம் என்று நானாகக் கணக்கிட்டேன். தவறு என்னுடையது. கையெழுத்து, பதிவு எண், முத்திரை. பெரிய மருத்துவர் அதன் கீழே தானும் கையெழுத்திட்டார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு வாங்கினேன்.

கம்பெனி அதையும் ஏற்கவில்லை. நிராகரித்த பிறகு எழுதி வாங்கியது என்றது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனுப் போட்டோம். விசாரணை ஐப்பசியில், வீடியோவில். அதற்குள் மாத்திரையைக் குறைத்தபோதெல்லாம் உள்ளே நெருப்பு ஏறியது. இரண்டு முறை ரத்தம். துளையைச் சுற்றித் தோல் வெந்து உரிந்தது. பையை மாற்றும்போது நான் பல்லைக் கடித்ததில் ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்து கையில் வந்தது. குளிக்கும்போது அந்தச் சிவந்த முனையைக் கத்தரித்து எறிந்துவிடலாமா என்று கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இதை இப்போதுதான் எழுதுகிறேன். மனைவி அச்சில்தான் படிப்பாள்.

விசாரணை அன்று போன் திரையில் மூன்று கட்டம். ஒன்றில் குறைதீர்ப்பாளர், ஒன்றில் கம்பெனி அதிகாரி, ஒன்றில் நானும் அண்ணனும் தோள் இடித்துக்கொண்டு.

"பேஷன்ட் பார்ட்டி கணக்கு வசதிக்குத் தகுந்த மாதிரி மாறுதுங்க" என்றார் அதிகாரி. "ஏழுன்னா ஏழு வருஷம்தான். போகம் எல்லாம் ஒரு அளவா?"

அண்ணன் திரைக்குள் புகுந்துவிடுவதுபோல் குனிந்தார். "நீங்க சோறு திங்கிறீங்களா?"

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"அது அந்த அளவுலதான் வருது. நீங்க வருஷத்துல திங்கிறீங்க, நாங்க போகத்துல வெளையவைக்கிறோம். என் தம்பி வயித்த உங்க டைரில அளக்காதீங்க. அடங்கல் இருக்கு, சர்க்கார் முத்திர இருக்கு, படிங்க."

குறைதீர்ப்பாளர் சிரிப்பை அடக்கியதுபோல் பட்டது. அது என் ஆசையாகவும் இருக்கலாம். மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நோய் தொடங்கியது பாலிசிக்குப் பிறகு. பாலிசி செல்லும். செலவைக் கொடுக்க வேண்டும்.

அதைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்படவில்லை. ஆறு மாதம் என்னை வெட்டுவதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜெயித்துவிட்டேன். வெட்டப் போகிறார்கள். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊசிகள் ஏறின. நெருப்பு தணிந்தது. பங்குனியில், தாளடி அறுத்துக் களம் காலியான பிறகு, குடலை உள்ளே வைத்து இணைக்க அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பழைய டாக்டர் மேற்படிப்புக்குப் போயிருந்தார். புதிதாக ஒரு பையன், மூக்குக்கண்ணாடி, கையில் படிவம்.

"எவ்வளவு நாளா இந்தப் பிரச்சினை?"

அண்ணனைத்தான் கேட்டான். அண்ணன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைக் கைகாட்டினார். நான் தேதி சொன்னேன். நாள், மாதம், வருடம். எழுதியதைத் திருப்பி வாங்கிப் படித்துப் பார்த்தேன். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கூட இருக்கறவங்க பேரு, வயசு..." என்று எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான். அண்ணன் கையை எடுத்திருந்தார். மேலுதட்டில் அந்தத் தழும்பு, அண்டை வரப்பு மாதிரி மேடாக.

"உதட்டுல என்னங்க?"

"மாடு முட்டிருச்சு."

"பாத்து இருக்கக் கூடாதா? யாரு மாடு?"

"எங்க வீட்டு மாடுதான்" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். "மூளை கெட்ட மாடு."

"எப்ப?"

அண்ணன் யோசித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வரப்போவது தெரிந்துவிட்டது.

"இருங்க. இப்ப அறுத்தது தாளடி. அதுக்கு முன்ன குறுவைக்கு அண்டை வெட்டினப்ப. ரெண்டு போகம் ஆச்சு" என்றார்.

பையன் தலையாட்டினான். பேனா தாளுக்கு இறங்கியது. அறுவைவரை கட்டிலை விட்டு அசையாதே என்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டிலிலிருந்து எட்டி, பை பிதுங்க, அவன் கையைப் பிடித்தேன்.

"தம்பி, என்ன எழுதுறீங்க? காட்டுங்க."